நோய் தீர்ந்த பின்னர்

நோய் தீர்ந்ததும் துன்பமுந் தீர்ந்ததென எண்ணுதல் உலகியல்பு. புற்றுநோயினின்றும் மீண்டார் பலர்க்கோ, வைத்தியசாலையை விட்டு வீடு வந்தபின்னரே மற்றொரு சோதனை தொடங்குகின்றது. அது பிழைப்புப் பற்றிய சோதனை.

யான் ஆசிரியத் தொழில் புரியும் பேராதனையில், பல்கலைக்கழகப் பல் வைத்திய பீடமும் பல் போதனா வைத்தியசாலையும் வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவை. இலங்கை ஆடவரிடை மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. பெண்களும் இதற்கு விலக்கல்லர். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுதல் இந்நோய்க்குப் பெருங் காரணம். புகையிலையை விலக்கினும் பாக்குத் தானே புற்றுநோய் விளைக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தெளிவாக்கிற்று. குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலை மெல்லும் தோட்டத் தொழிலாளரை இந்நோய் பற்றுதல் வியப்பன்று.

சிகிச்சை உயிரைக் காக்கின்றது. ஆயினும் உடலிற் சுவடு விடுகின்றது. கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றுங்கால், தோளை உயர்த்த உதவும் நரம்பு பழுதுறலாம். கதிர்ச் சிகிச்சையால் உமிழ்நீர் வற்றும். அடிக்கடி நீர் பருகவேண்டும்.

என் மாணவன் ஒருவனின் தாயார் இவ்வாறு மீண்டவர். நோய் அறவே நீங்கிற்று என்றனர் வைத்தியர். மலைக்குத் திரும்பிய அவரால் வலக்கையை உயர்த்தவோ, கூடையின் கயிற்றைத் தலையிற் தாங்கவோ இயலவில்லை. கொழுந்தின் நிறை குறைந்தது, அரைப்பேரே விழுந்தது. மகன் பள்ளியை விட்டுக் கடைவேலைக்குச் சென்றான். திங்கள் மூன்று கழிந்தபின், இரக்கமுள்ள உத்தியோகத்தர் ஒருவர் அத்தாயாரை நாற்றுமேடையில் அமர்ந்து பைகளில் மண் நிரப்பும் வேலைக்கு மாற்றினார். முழுப்பேர் கிடைத்தது, உணவுஞ் சீர்ப்பட்டது, மாதாந்தப் பரிசோதனைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணமும் கையிலிருந்தது. மகன் வகுப்பிற்கு மீண்டான்.

அந்நல்லார் அங்கில்லாதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? நோயினின்று மீண்டார் ஒருவரின் வாழ்வு பிறரது இரக்கத்தைச் சார்ந்து நிற்றல் முறையன்று. இலகுவான பணி, சிகிச்சைக்கு விடுமுறை, இடையிடையே ஓய்வு என்பன விதியாக அமைதல் வேண்டும்.

நம் கல்லூரித் தாயின் மக்களுள் தோட்ட நிருவாகிகளும், திணைக்களத் தலைவர்களும், அதிபர்களும், வணிகரும் உளர். நோயினின்று மீண்ட ஒருவர் உங்கள் மேசைமுன் வந்து நிற்பின், அவர் இழந்தது யாதென வினவுமுன், அவரால் இயல்வது யாதென வினவுங்கள். பின்னர் அதற்கேற்ற பணியை அளியுங்கள். இவ்விழா ஆண்டில் யான் உங்களிடம் இரந்து நிற்பது இவ்வொன்றே.