நல்விடையும் எதிர்வாக்கும்

பிறர் ஐயந் தீர்க்க முன்வந்து விடை எழுதியவருக்கு நன்றிக்குப் பதிலாக எதிர்வாக்குக் கிடைப்பது விந்தையாகவே தோன்றும். நிரலாக்கம் பயிலும் இளைஞர் பலர் இதனால் மனஞ் சோர்வர்.

2008ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் இணையத்தளத்தை நோக்குவோம். ஆங்கு வினவியவர் ஒருவரே. பின்னாளிற் படிப்போரோ மிகப் பலர். பயனர் தட்டச்சிட்ட சொல்லைத் தரவுத்தளக் கட்டளையோடு அப்படியே ஒட்டிவிடுமாறு ஒருவர் விடை பகர்கின்றார் எனக் கொள்வோம். நிரல் இயங்கிற்று; வினவியவர் மகிழ்ந்தார். ஆயின், தீயோன் ஒருவன் அச்சொல்லின் இடத்தே தன் கட்டளையைப் புகுத்தித் தரவு முழுவதையும் கவரலாம், அழிக்கலாம். இதனை அறிந்தவர் எதிர்வாக்கு இடுகின்றார். அது பகைமையன்று, பின்வருவோர்க்கு எச்சரிக்கை. ஆதரவு வாக்கு 10 புள்ளி தர, எதிர்வாக்கு 2 புள்ளியே குறைக்கும். இட்டவரும் 1 புள்ளி இழப்பர்.

எனினும், காரணங் கூறாது வாக்கிட்டு அகலவும் அங்கே இடமுண்டு. இது எமக்கு உடன்பாடன்று. எம் ஆசிரியர்கள் சிவப்பு மையாற் கோடிட்டுவிட்டு ஓரத்தில் ஒரு சொல்லேனும் எழுதாது விட்டதில்லை. "கட்டளையையும் பயனர் சொல்லையும் வேறுபிரித்து அனுப்புக" என ஒரு வரி எழுதினாற் போதும். எழுதியவர் விடையைத் திருத்துவார். திருத்தியபின் இட்ட வாக்கை மீட்டுக்கொள்ளவும் அத்தளத்தின் விதி இடந்தருகின்றது.