வீல் அலைன்மென்ட் புராணம்

பரீட்சைக்குப் படிக்க உக்காந்தா பதிவு எழுதத் தோணறது எனக்கு பழைய வியாதி. பொறுத்துக்கோங்க மக்களே. இந்தத் தடவை மேட்டர் கொஞ்சம் சீரியஸ்.

போன மார்ச் மாசம் ஒரு மழை நாள்ல, பத்து வயசு மாமா பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சு நான் ஓட்டிட்டுப் போன கார், ஒரு ரவுண்டானாவுல தட்டாமாலை சுத்தி, வந்த திசையையே பாத்து நின்னுச்சு. யாருக்கும் அடியில்லை. வேற வண்டி எதுவும் வரலை. கிளாஸ்ல பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும், "இவனுக்கு ஓட்டத் தெரியாது"ங்கற வெர்ஷன்ல. அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

வண்டி மாமாவோடது (அம்மாவோட தம்பி, மெல்போர்ன்ல நான் தங்கியிருக்கறது அவர் வீட்டுலதான்). 1994-ம் வருஷத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. ரெண்டே சீட்டு, மடக்கற துணிக்கூரை, லைட்டைப் போட்டா தவளை முழிக்கற மாதிரி மேல எழும்பற ஹெட்லைட். இந்த மாடலை 1989-ல சிகாகோ ஆட்டோ ஷோவுலதான் முதல்ல காட்டினாங்க. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே இருக்கணும், ஆனா காலைல சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆகணும்ங்கற ஐடியா. எடை சுமார் 1000 கிலோதான். எஞ்சின் முன்னாடி, தள்ளறது பின் சக்கரம். பவர்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஆனா திருப்பினா திரும்பும் பாருங்க... அதுக்காகத்தான் முப்பது வருஷம் கழிச்சும் ஜனங்க இதைக் கட்டிக்கிட்டு அழறாங்க.

"முன்ன மாதிரி இல்லடா, வண்டி எங்கூட சண்டை போடுது"ன்னு சொல்லித்தான் மாமா எனக்கு சாவியக் குடுத்தார். பராமரிப்பு என் பொறுப்புன்னு ஒரே ஒரு கண்டிஷன். நானும் பொறுப்பான பிள்ளையா ஜனவரியில ஒரு பெரிய டயர் கடைக்குப் போய், 90 டாலர் குடுத்து அலைன்மென்ட் பண்ணிட்டு வந்தேன். ரோடு நேரா இருந்தா ஸ்டீயரிங் கோணலா நிக்கும், அதான் கம்ப்ளெயின்ட். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சது. ஸ்டீயரிங் நேராச்சு. கையில கலர் பிரின்ட் ஒண்ணு குடுத்தாங்க. முன் சக்கரம் ரெண்டும் பச்சை. பின்னாடி இடது பக்கம் ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. கேட்டேன். "பழைய வண்டி, பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, இது பெரிய விஷயம் இல்லை"ன்னார் கவுன்டர்ல இருந்தவர். சரின்னு மடிச்சு டேஷ்போர்டு பெட்டியில போட்டுட்டேன். ஆடிட்டிங் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான், வெளிய சொல்லிடாதீங்க :-)

வண்டி சுத்தின அன்னைக்கு ராத்திரி மாமா திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சது. அத்தை மட்டும், "அதை வித்துடுங்க, இனிமே என் பொண்ணு அதுல ஏற மாட்டா"ன்னு ஒரே வரியில முடிச்சாங்க. மறுநாள் மாமா விளம்பரத்துக்காக வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். டயரை எடுக்கும்போதுதான் குனிஞ்சு பாத்தோம். இடது பின் டயர் வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. உள்பக்க ஓரம் வழுக்கை! நின்னு பாத்தா தெரியவே தெரியாது. அந்த டயர் போட்டு எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஆகலை.

அப்பதான் அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தேன். மாமாகிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்டேன்.

இப்ப கொஞ்சம் பாடம். சக்கரத்துக்கு மூணு கோணம் முக்கியம். மேல இருந்து பாத்தா காலை உள்பக்கமா வெச்சு நிக்கறமா, வெளிப்பக்கமா விரிச்சு நிக்கறமாங்கறது டோ. முன்னாடி நின்னு பாத்தா சக்கரம் சாஞ்சிருக்கறது கேம்பர். சைக்கிள் முன் ஃபோர்க் சாய்வா இருக்கறதாலதானே கையை விட்டு ஓட்டி சீன் போட முடியுது? அந்த மாதிரி சாய்வுதான் காஸ்டர்.

என் பேப்பர்ல பின்னாடி இடது டோ மைனஸ் 0.35 டிகிரி, வலது பிளஸ் 0.25. கூட்டினா மைனஸ் 0.10, பாக்க சாதுவான நம்பர். ஆனா தனித்தனியா யோசிங்க. இடது சக்கரம் வெளிய பாக்குது, வலது சக்கரம் உள்ள பாக்குது. அதாவது ரெண்டுமே இடது பக்கம் பாக்குது! நம்ம ஊர் தேர் ஞாபகம் வந்துச்சு எனக்கு. வடம் பிடிச்சு இழுக்கறவங்க முன்னாடி ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் எங்க திரும்பணும்னு முடிவு பண்றது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவர்தான். என் வண்டிக்கு பின் சக்கரம் கட்டை போட்டுக்கிட்டிருந்தது. டயர் கடைக்காரங்க அதைச் சரி பண்ணாம, அதுக்கு ஏத்த மாதிரி முன் சக்கரத்தைத் திருப்பி வெச்சு ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கிட்டாங்க. வண்டி நாய் ஓடற மாதிரி உடம்பைக் கோணிக்கிட்டு ஓடியிருக்கு.

இங்க ரவுண்டானாவை வலது பக்கமா சுத்தணும். அப்ப பாரம் முழுக்க விழறது இடது பக்க டயர் மேல. அந்த இடது பின் டயர்தான் வெளிய பாத்துக்கிட்டு, உள்பக்கம் வழுக்கையா இருக்கு. மழை வேற. போதாக்குறைக்கு கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல 26 பிஎஸ்ஐ காத்துன்னு போட்டிருக்க, கடையில 36 அடிச்சு விட்டிருந்தாங்க. நான் வேணும்கறதுக்கு மேல ஒரு பத்து கிலோமீட்டர் வேகத்துல போனேன், அதையும் எழுதிடறேன்.

"பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது"ங்கறது பச்சைப் பொய்யா, தெரியாம சொன்னதான்னு இன்னும் தெரியலை. இந்த வண்டியில நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். ஒவ்வொரு கீழ் ஆர்ம்லயும் ரெண்டு கேம் போல்ட், மொத்தம் எட்டு. போல்ட்டைத் திருப்பினா ஆர்ம் உள்ள வெளிய நகரும். முன்னாடி கேம்பரும் காஸ்டரும், பின்னாடி கேம்பரும் டோவும் அதுலயே செட் பண்ணலாம். திருப்பற அளவுக்குக் கோடு எல்லாம்கூட போட்டிருக்கான் புண்ணியவான். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

விசாரிச்சு, ரேஸ் வண்டிகளுக்கு வேலை பாக்கற ஒரு பெரியவர் ஒர்க்‌ஷாப்பைப் பிடிச்சேன். அவர் முதல் அரை மணி நேரம் மெஷின் பக்கமே போகலை. சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினார். பால் ஜாயின்ட், பேரிங், டை ராட், ரப்பர் புஷ் ஒவ்வொண்ணா கம்பி விட்டு நெம்பிப் பாத்தார். புஷ் போயிருந்தா மெஷின்ல எத்தனை பச்சை காட்டினாலும் ரோட்டுல நிக்காதாம். நல்ல வேளை, புஷ் தேறிடுச்சு. தேறாதது போல்ட். இடது பின் போல்ட்டு ரெண்டும் உள்ள இருக்கற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டியே போச்சு. எண்ணெய் விட்டார், நெருப்பு காட்டினார், அசையலை. கடைசியில ஒண்ணை அறுத்துதான் எடுத்தார். புது போல்ட் வர ஒரு வாரம். எனக்கு ரெண்டு வாரக் கெடுவுல பாதி அங்கயே போச்சு.

ரெண்டாவது தடவை மாமாவும் வந்தார், இன்னொரு வண்டியில. பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "ஓட்டறவர் எடை என்ன?" ஆயிரம் கிலோ வண்டியில எண்பது கிலோ ஆள் ஒரு பக்கம் உக்காந்தா நம்பர் மாறுமாம். எடை வெக்க என்ன இருக்குன்னு தேடினா, மாமா டிக்கியில அப்பதான் வாங்கின இருபது கிலோ அரிசி மூட்டை ரெண்டு! டிரைவர் சீட்டுல பொன்னி அரிசி, மேல டூல் பாக்ஸ், சீட் பெல்ட் வேற போட்டு விட்டார் பெரியவர். அந்த போட்டோவை கேட்டவங்களுக்குத் தனியா அனுப்பறேன்.

மூணு மணி நேரம் ஆச்சு. பின்னாடி டோ ரெண்டு பக்கமும் உள்நோக்கி 0.1, முன்னாடி சுழி, கேம்பரும் காஸ்டரும் இடது வலது ஒண்ணுக்கொண்ணு சமமா. போல்ட்டோட சேத்து 310 டாலர், டயர் தனி. எனக்கு ரெண்டு மாச பீட்சா டெலிவரி சம்பளம்னு வெச்சுக்கோங்க.

அடுத்த ஞாயிறு மழை தூறிட்டிருந்தப்பவே மாமாவும் நானும் டாண்டினாங் மலை ரோட்டுல சஸ்ஸாஃப்ராஸ் வரைக்கும் போனோம். அவர்தான் ஓட்டினார். மேல போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. ஒரு வளைவு தாண்டினதும் ஸ்டீயரிங்ல இருந்து ஒரு கையை எடுத்து கியர் மேல வெச்சார். அவ்வளவுதான்.

விளம்பரத்தை எடுத்துட்டார். மாமா பொண்ணு இன்னும் ஏறலை, "அப்பா ஓட்டினா யோசிக்கறேன்"னு சொல்லியிருக்கா. என்னை வெச்சு ஓட்டினா யோசனையே கிடையாதாம். சாவியும் இப்ப மாமாகிட்டதான் இருக்கு. நான் மறுபடியும் 7.42 ட்ரெயின்ல வர்றேன், சீட் பிடிச்சு வைங்கப்பா.