ஆயிலும் ஆயுளும்

பெங்களூர் டவுன் ஹாலின் தூண்களைத் தாண்டித் தெற்கே திரும்பினால் ஜே.சி. ரோடு வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். புது ரப்பரும் கிரீஸும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை அது. மினர்வா சர்க்கிள் வரை நீளும் இந்தச் சாலையில்தான் தாகூர் நூற்றாண்டு நினைவாக எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்ரா இருக்கிறது. உள்ளே நாடகம் நடக்கும். வெளியே சீட் கவர் வேண்டுமா, ஹாரன் வேண்டுமா என்று ஓடும் வண்டியையே மறித்துக் கேட்கும் பையன்களின் நாடகம் நாள் முழுவதும் நடக்கும்.

நான் போனது சீட் கவருக்காக அல்ல, ஆயிலுக்காக. இருபது வயதை நெருங்கும் என் 100 சிசி பைக் சில மாதங்களாகக் காலையில் நீலமாகப் புகைகிறது. என்ஜின் தலைப்பகுதியில் சில்லறையைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். ஓடோமீட்டரைப் பார்த்தால் 12,000 கிலோமீட்டர் என்று பச்சைப் பிள்ளைபோலப் பேசும். அதில் ஐந்து இலக்கங்கள்தான். 99,999ஐத் தொட்டுவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. உண்மைக் கணக்கு 1,12,000.

ஆயில் விஷயத்தில் இந்தத் தெருவில் ஐந்து பேரைக் கேட்டால் ஆறு பதில் கிடைக்கும். ‘பழைய வண்டிக்குக் கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க’ என்றார் ஒரு கடைக்காரர். அடுத்தவர் விலை உயர்ந்த சிந்தெடிக்கை நீட்டினார். மூன்றாமவர், லாரிக்கு ஊற்றும் ஆயிலே போதும் என்றார். மூன்று டப்பாக்களின் விலையையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டு, கலாசிப்பாளையம் பக்கத்துச் சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போய் நின்றேன்.

அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகனுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். வாடிக்கையாளரிடம் கன்னடம், உதவிப் பையனிடம் உருது, என்னிடம் தமிழ். இந்த நகரத்தில் ஒரு ஸ்பேனர் சுற்றி முடிவதற்குள் மூன்று மொழி பேசப்பட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குப் பொறாமையாக இருந்தது.

‘ஆயில் மாத்தினா ஆயுள் கூடும்னு வந்துட்டீங்க. மொதல்ல என்னா வியாதின்னு பார்க்கலாம் சார்’ என்றார்.

ஆயிலின் கிரேடில் மர்மம் ஒன்றுமில்லை. 20டபிள்யூ-40 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் எண்ணெய் சீக்கிரம் பாயும். இரண்டாவது எண், என்ஜின் சூடான பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்லும். தேய்ந்த என்ஜினில் பாகங்களுக்கு இடையே இடைவெளி கூடியிருக்கும். அங்கே கெட்டியான எண்ணெய் சத்தத்தை அமுக்கும், புகையையும் சற்றுக் குறைக்கும். ஆனால் காலையில் உதைத்துக் கிளப்பும்போது அது மேலே கேம் வரை ஏறச் சுணங்கும். தேய்மானத்தில் பெரும்பங்கு நடப்பதே அந்தச் சில விநாடிகளில்தான். சத்தம் நின்றுவிட்டது என்று நாம் சந்தோஷப்படும்போது உள்ளே தேய்வு வேகம் பிடித்திருக்கும்.

கார் ஆயிலில் வேறொரு வில்லங்கம் உண்டு. பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. உராய்வைக் குறைக்கக் கார் ஆயிலில் சேர்க்கும் ரசாயனம் பைக்கின் கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யலாம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் என்ஜின் கத்தும், வண்டி நகராது. இதற்காகவே ஜப்பானியத் தரநிலை அமைப்பு 1998இல் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற முத்திரையை வகுத்தது. டப்பாவின் முன்பக்கத்துப் பந்தயக் குதிரைப் படத்தைவிடப் பின்பக்கத்து இந்தச் சின்ன எழுத்துக்கள் முக்கியம்.

மெக்கானிக்கின் சோதனை எளிமையானது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி உதைத்துப் பார்த்தார். பிறகு அதே துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் உதைத்தார். முள் குதித்து ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு ஸ்பூன் ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கும். என் வண்டியில் முதல் தடவையே அழுத்தம் மோசமில்லை, இரண்டாம் தடவையும் பெரிதாக ஏறவில்லை. ரிங் தப்பித்தது. காலையில் மட்டும் புகைந்து பிறகு அடங்கிவிடுவதால் குற்றவாளி வால்வு சீல். இரவெல்லாம் நிற்கும் வண்டியில் அதன் வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் எரிந்து புகையாகிறது. சில்லறைச் சத்தம் தளர்ந்த கேம் செயினுடையது.

‘ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு இது அதிகம்தானே?’ என்றேன்.

‘மீட்டரை விடுங்க சார். எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு சொல்லுங்க’ என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டாம்டாம் நிறுவனம் 2023க்கு வெளியிட்ட போக்குவரத்துப் பட்டியலில், பெங்களூர் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க ஆன சராசரி நேரம் 28 நிமிடம் 10 விநாடி. அந்த வேகத்தில் 3,000 கிலோமீட்டருக்குச் சுமார் 140 மணி நேரம். நெடுஞ்சாலையில் ஐம்பதில் போனால் அதே 140 மணியில் 7,000 கிலோமீட்டர் போய்விடலாம். அது கார்களின் கணக்கு. நாம் சந்துபொந்தில் புகுந்து கொஞ்சம் முந்துவோம். ஆனாலும் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் பைக்கில் மீட்டர் தூங்குகிறது, என்ஜின் தூங்குவதில்லை. காற்றால் குளிர வேண்டிய என்ஜின் காற்றில்லாமல் வேகிறது. உள்ளே இருப்பதோ ஒரு லிட்டருக்குச் சற்று முன்பின்னான எண்ணெய். அதில் கால் லிட்டர் புகையாகப் போனால் மிச்சம் எந்த கிரேடாக இருந்தால் என்ன?

என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு யெஸ்டி படுத்திருந்தது. கிக்கரும் கியரும் ஒரே லீவராக அமைந்த பழைய மைசூர்ப் பிள்ளை. செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் உரிமத்தில் ஐடியல் ஜாவா ஆலை 1961இல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. எழுபதுகளில் பெயர் யெஸ்டி என்று மாறியது. 1996இல் ஆலை மூடப்பட்டது. ஆலையைத் திறந்துவைத்தவர் அப்போது மாநில ஆளுநராக இருந்த மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார். பின்னர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்துக்கும் அவரே ஆளுநர். ஜே.சி. ரோடு என்று நாம் சுருக்கிவிட்ட சாலையின் முழுப் பெயரும் அவர் பெயர்தான்.

இரண்டு ஸ்ட்ரோக் யெஸ்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். கியருக்குத் தனி எண்ணெய். கிராங்க்கின் ஒரு பக்கத்து சீல் போனால் கியர் எண்ணெயை உறிஞ்சிப் புகைமண்டலம் கிளப்பும். மறுபக்கத்து சீல் போனால் காற்றை இழுத்துச் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்த யெஸ்டியின் சொந்தக்காரரும் புகைக்குப் பயந்து நாலு விதமான 2டி ஆயில் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். இரண்டு வண்டிக்கும் வியாதி ஒன்றே: கிழடு தட்டிய ரப்பர். நாங்கள் இருவரும் மருந்தை எண்ணெயில் தேடியிருக்கிறோம். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பரவியபின் பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று 2025இல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. இனி இந்தச் சந்தில் ரப்பருக்குத்தான் கிராக்கி.

வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. பதினைந்து வருடம் கடந்த பைக்கின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000. வயதாவது இந்நாட்டில் செலவு பிடித்த காரியம். ரிங் போயிருந்தால் விற்றிருப்பேன். சீலும் செயினும்தான் என்றதும் மனம் மாறியது. மாற்றியபின் ஊற்றியது சிந்தெடிக்கும் அல்ல, லாரி ஆயிலும் அல்ல. வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருந்த அதே கிரேடு. மாற்றும் இடைவெளியை மட்டும் பாதியாகக் குறைத்தார் மெக்கானிக். காலி டப்பாவை ஆணியால் குத்தி ஓட்டை போட்டார். ‘இல்லேன்னா இதுலயே கழிவு ஆயில் புது ஆயிலா திரும்பி வரும் சார்.’

வண்டியை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை வழியாக வீடு திரும்பினேன். அங்கே திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1991இல் நிறுவப்பட்டு, 18 ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்று இதே வண்டியில்தான் இங்கே கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றேன். நோய் எது, அதன் வேர் எது, தீர்க்கும் வழி எது என்று வரிசை வகுத்துச் சொன்னவர் அவர். முதுகலையில் அதற்கு உரைகள் எல்லாம் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் முதலில் போய் நின்றது மருந்துக் கடையில்.

மறுநாள் காலை உதைத்தேன். புகை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜின் ஆறியபின் அளவு கம்பியைத் துடைத்து விட்டு எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றது.