நீரைக் காப்பவர் மீனைக் காப்பார்

புதுவையில் வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில், முற்றத்திலோ தோட்டத்திலோ ஒரு சிறு குளத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். செம்மையும் வெண்மையும் கருமையும் கலந்த கோய் கெண்டைகள் அதில் நீந்துகின்றன. பிள்ளைகள் அவற்றுக்குப் பெயரிட்டு அழைப்பதைக் கேட்கையில் நம் உள்ளமும் மகிழ்கிறது. ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே மீன்கள் மடிந்துவிடுவதாகப் பல குடும்பத்தார் வருந்துகின்றனர்.

கோய் என்பது மென்மையான இனமன்று. மத்திய கால ஐரோப்பியத் துறவு மடங்கள் தவக்கால உணவுக்கென வளர்த்த சாதாரணக் கெண்டைக்கு இது நெருங்கிய உறவு. அக்கெண்டை 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவரப்பட்டது. ஜப்பான் நாட்டு நீகாத்தா மலைப்பகுதி உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறமுள்ள மீன்களைத் தேர்ந்து பெருக்கியதால் கோய் உருவாயிற்று. 1914ஆம் ஆண்டு டோக்கியோ பொருட்காட்சியில் அதன் புகழ் பரவியது. நன்கு பேணினால் இரண்டடி நீளம் வளர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தகைய மீன் நம் வீட்டில் ஏன் மடிகிறது?

காரணம் பெரும்பாலும் நீரே. மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் நஞ்சை வெளியேற்றுகிறது. குளத்தின் சுவரிலும் வடிகட்டியிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் அதிகக் கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுக் குளத்தில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் பத்து மீன்களை ஒன்றாக விடுவது, அடுப்பு மூட்டுமுன் விருந்தினரை அழைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், திருவிழாவுக்கு முந்திய நாள் குளத்து நீர் முழுவதையும் இறைத்து, பாசியைத் தேய்த்து, வடிகட்டியையும் குழாய் நீரில் கழுவி, புது நீர் நிரப்பினார்கள். வந்த விருந்தினர் பொரியை அள்ளி வீசினர். மறுநாள் காலையில் ஏழு மீன்களும் மிதந்தன. "நான் ஏதாவது பாவம் செய்தேனா, சாமி?" என்று அவ்வீட்டுச் சிறுமி கேட்டாள். பாவமன்று, மகளே, அறியாமை என்றோம். குழாய் நீரிலிருந்த குளோரின் மீன்களின் செவுள்களையும் புண்படுத்தியது, அவற்றைக் காத்துவந்த நுண்ணுயிர்களையும் கொன்றது. கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றியது, உயிருக்குத் தூய்மையாய் இருக்கவில்லை.

ஆகவே குடும்பத்தார் சிலவற்றைக் கைக்கொள்வது நலம். வளர்ந்த மீன் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குழாய் நீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுங்கள். வடிகட்டியைக் குளத்து நீரிலேயே அலசுங்கள். ஐந்து நிமிடத்தில் தின்று தீருமளவே தீனி இடுங்கள். புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரமேனும் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள்.

நம் ஊரின் கோடை தனிச் சோதனை. இருபது பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒன்பது மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். முப்பது பாகையில் ஏழரையே. இரவில் பாசியும் அதனை உட்கொள்வதால், விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். சித்திரை, வைகாசியில் கீற்று நிழல் அமைத்து, காற்றுப் பம்பை இரவிலும் ஓடவிடுதல் இன்றியமையாதது. ஐப்பசி மழையிலோ மொட்டைமாடி நீர் குளத்தில் விழாதவாறு தடுக்க வேண்டும்.

வளர்க்க இயலாதபோது ஊசுடேரியில் கொண்டுபோய் விடுவது இரக்கமாகாது. கெண்டைகள் சேற்றைக் கிளறி, அங்குள்ள நீர்த்தாவரங்களுக்கும் மற்ற மீன்களுக்கும் கேடு செய்யும். வளர்க்க வல்லவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பாரதி பூங்காவின் ஆயி மண்டபம், தன் வீட்டையே இடித்து மக்களுக்கு நீர்நிலை தந்தவளென்று மரபு கூறும் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய ஊரினர் நாம். ஒவ்வொரு சிற்றுயிரும் தன்னளவில் இறைவன்முன் மதிப்புடையது என்று 2015ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் நமக்கு உணர்த்தினார். தீனி போடுவது எளிது. அதைக் கண்டு மீன் ஓடிவருவதும் இன்பமே. யாரும் பாராட்டாத நீரை நாள்தோறும் கவனிப்பதே உண்மையான பராமரிப்பு. பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கித் தருவதோடு நில்லாமல், அவர்கள் மூச்சுவிடும் வீட்டின் அமைதியையும் காக்கும் பெற்றோருக்கு இது விளங்காததன்று.