ஓவர்கிளாக் பொட்டியும் பூதலூர் வெயிலும்

"கேமிங்குக்கு ஒரு பொட்டி அசெம்பிள் பண்ணணும், ஓவர்கிளாக் பண்ற மாதிரி இருக்கணும், என்ன பிராசஸர் வாங்கலாம்?" கிளாஸ்ல மாசத்துக்கு ஒருத்தராவது கேக்குற கேள்வி. படிக்கிறது பி.காம்., பேசுறது முழுக்க பிராசஸர். சரி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க ஊர்ப்பக்கம் இந்தக் காசு எங்கேருந்து வரும்னு எல்லாருக்கும் தெரியும். சீட்டு எடுத்த பணம், இல்லேன்னா சம்பா நெல்லு போட்ட பணம். ஒரு தடவைதான் வரும். பிராசஸர் கருகிப்போச்சுன்னா ரெண்டாவது தடவை கேக்க வாய் வராது. அம்மா போடுற சீட்டு இந்த வருஷம் எங்க கைக்கு வருது, அதுல எனக்கும் ஒரு பங்கு. அதுக்காக ஒரு மாசமா நோட்டுல போட்டுப் பார்த்த கணக்குதான் இது.

முதல்ல ஓவர்கிளாக் ஏன் இவ்வளவு பிரபலம் ஆச்சுன்னு பாப்போம். 1998ல இன்டெல் செலரான் 300ஏன்னு ஒரு சிப் விட்டாங்க. 300 மெகாஹெர்ட்ஸ். போர்டுல பஸ் வேகத்தை 66லேருந்து 100க்கு மாத்தினா அது 450ல ஓடுச்சு. அதே நேரத்துல 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 பல மடங்கு விலை. அதாவது சும்மா கிடைச்ச லாபம். அந்தக் காலத்துக் கதையைத்தான் நாம இன்னும் மனசுல வச்சிருக்கோம்.

இப்போ நிலைமை வேற. ரைசன் 5 7600ஐ எடுத்துக்குங்க. அடிப்படை வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாவே 5.1 வரைக்கும் போகும். ஃபேக்டரியிலேயே பிழிஞ்சுதான் அனுப்புறாங்க. நமக்கு மிச்சம் இருக்குறது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலைங்கறதுதான் கேள்வி.

சிப் சாப்பிடுற பவர், வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். வேகத்தை 10 சதவீதம் ஏத்த வோல்டேஜையும் 10 சதவீதம் ஏத்தினீங்கன்னு வைங்க. 1.1 x 1.1 x 1.1 = 1.33. வேகம் பத்து கூடினதுக்கு சூடு முப்பத்துமூணு கூடுது.

ஒரு உதாரணக் கணக்கு. 100 வாட்டுக்கு 50 டிகிரி ஏறுற மாதிரி ஒரு கூலர் இருக்கு. வீடியோவுல விமர்சனம் பண்றவர் ஏசி ரூம்ல 24 டிகிரியில உக்காந்திருக்கார். அவர் சிப் 74. ஓவர்கிளாக் பண்ணி 133 வாட் ஆனா சுமார் 90. தாங்கும். அதே பொட்டி கத்திரி வெயில்ல நம்ம மொட்டைமாடிக்குக் கீழ் ரூம்ல, 40 டிகிரியில. ஓவர்கிளாக் பண்ணாமலே 90. பண்ணினா 106! ரைசன் 7000 வரிசைக்கு எல்லை 95 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். காசு குடுத்து ஏத்தின வேகத்தை வெயில் வாங்கிட்டுப் போயிடும் :-) தண்ணி கூலர் வாங்கினாலும் இந்த விதி மாறாது. எந்த ஃபேனும் ரேடியேட்டரும் ரூமோட சூட்டுக்குக் கீழ சிப்பைக் கொண்டுபோக முடியாது.

அதனால நான் லிஸ்ட்டைத் தலைகீழாப் போட்டேன். எல்லாரும் பிராசஸர்ல ஆரம்பிச்சு, மிச்சக் காசுல பவர் சப்ளை வாங்குவாங்க. நான் செவுத்துல இருக்குற பிளக்குலேருந்து உள்ள போறேன்.

1. எர்த். சித்தப்பா வயரிங் வேலை பாக்குறவர். என் லிஸ்ட்டைப் பார்த்துட்டு, "இதெல்லாம் இருக்கட்டும்டா, மொதல்ல உங்க வீட்டுல எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாத்தியா?"ன்னார். பழைய வீடுகள்ல மூணாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும். கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில காய்ஞ்சுபோகும், தண்ணி ஊத்தணும். செலவு ஒரு குடம் தண்ணி. இதைவிட மலிவான பார்ட்ஸ் கிடையாது.

2. பவர் சப்ளை. லேபிள்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கணும். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் எல்லாம் ஓடும்போது 230 வரவேண்டிய இடத்துல 180 வர்றது நமக்குப் புதுசு இல்ல. 200-240 மட்டும் போட்ட மலிவு டப்பா அங்கேயே திணறும். நல்ல கம்பெனி 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் போதும். இங்க மிச்சம் பிடிக்காதீங்க, ஏன்னா மத்த எல்லா பார்ட்ஸுக்கும் கரன்ட் இதுவழியாத்தான் போகுது.

3. யூபிஎஸ். 600 விஏன்னு போட்டிருக்குறது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். நடுத்தர கிராபிக்ஸ் கார்டோட ஒரு கேமிங் பொட்டி மானிட்டரையும் சேர்த்து கிட்டத்தட்ட அதையே கேக்கும். கரன்ட் போன நொடியில யூபிஎஸ்ஸும் சேர்ந்து போயிடும். 1 கேவிஏ பக்கம் பாருங்க. முடிஞ்சா சைன் வேவ். மலிவு யூபிஎஸ்கள் குடுக்குற படிக்கட்டு அலையை சில நல்ல பவர் சப்ளைகள் ஏத்துக்காது.

4. கேபினட். கண்ணாடியும் கலர் லைட்டும் வேண்டாம், முன்பக்கம் முழுக்க வலை இருக்குறது வேணும். குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு சமயத்துல மெஷின் இறங்கினா பதரும் தூசியும் வீட்டுக்குள்ள வரும். உள்ள காத்து இழுக்குற ஃபேன், வெளிய தள்ளுற ஃபேனைவிட ஒண்ணு கூட இருக்கணும். அப்போதான் காத்து ஃபில்டர் வழியா மட்டும் வரும், சந்துபொந்து வழியா வராது. பின்னாடி இருக்குற காலி ஸ்லாட்டை மூடிடுங்க, பல்லி உள்ள போகும்.

5. மதர்போர்டு. பவர் சப்ளை குடுக்குறது 12 வோல்ட், பிராசஸருக்கு வேண்டியது சுமார் 1.2 வோல்ட். 120 வாட்டுன்னா 12 வோல்ட்ல 10 ஆம்பியர், 1.2 வோல்ட்ல 100 ஆம்பியர்! இந்த 100 ஆம்பியரை ஒரே வழியில விட்டா எரிஞ்சுபோகும். கல்லணையில வர்ற தண்ணிய காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிச்சு விடுற மாதிரி போர்டு அதைப் பல ஃபேஸாப் பிரிச்சு விடுது. ஃபேஸ் எத்தனை, அதுமேல ஹீட்சிங்க் இருக்கான்னு பாருங்க. ஏஎம்டியில பி650 போர்டுலயே ஓவர்கிளாக் பண்ணலாம், ஏ620ல பிராசஸரை ஏத்த முடியாது. இன்டெல்ல கே பிராசஸரும் வேணும், இசட் போர்டும் வேணும்.

6. பிராசஸர். கடைசியாத்தான் வருது. என் தேர்வு 7600. லாக் கிடையாது, பவர் உச்சம் 88 வாட், பெட்டியிலேயே கூலர் வருது. நம்ம ரூமுக்கு அந்தச் சின்ன கூலருக்குப் பதிலா நல்ல டவர் கூலர் ஒண்ணு போட்டுக்கலாம்.

நண்பன் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். "இன்டெல் கே, இசட் போர்டு, 360 எம்எம் தண்ணி கூலர்... இது இல்லாம என்னடா ஓவர்கிளாக்?" அவன்கிட்ட நம்ம பாடத்துலேருந்தே கேட்டேன். அந்த மூணுக்கும் சேர்த்து கூடுதலா ஆகுற காசை கிராபிக்ஸ் கார்டுல போட்டா ஒரு படி மேல கார்டு வருமே, கேம்ல எது அதிகம் தெரியும்? பெரும்பாலான கேம்கள்ல கார்டுதான். இதுக்குப் பேருதான் ஆப்பர்சூனிட்டி காஸ்ட், பரீட்சைக்கு மட்டும் படிக்கிறது இல்ல.

இன்னொன்னு, வோல்டேஜ் விளையாட்டுப் பொருள் இல்ல. 2023 ஏப்ரல்ல சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோட கருகின செய்தி வந்துச்சு. அதுக்கப்புறம் ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜை 1.3க்கு மேல போகாம பயாஸ்ல கட்டுப்படுத்துச்சு. 2024ல இன்டெல் 13, 14வது தலைமுறை சிப்புகள் கிராஷ் ஆனதுக்குக் காரணம் மைக்ரோகோட் அதிக வோல்டேஜ் கேட்டதுதான்னு கம்பெனியே சொல்லி, வாரன்டியை 2 வருஷம் நீட்டிச்சது. கெட்டுப்போன சிப்பை அப்டேட் சரிபண்ணாது. கம்பெனி வச்ச வோல்டேஜே இப்படின்னா, நாம கையால ஏத்தினா? அதுல கெட்டா வாரன்டியும் கிடையாது. அதனால பொட்டி ஆன் ஆனதும் முதல் வேலை பயாஸ் அப்டேட்.

அப்போ ஓவர்கிளாக்கே வேண்டாமான்னா, வேணும், எதிர்ப்பக்கமா. ரைசன்ல கர்வ் ஆப்டிமைசர்னு ஒண்ணு இருக்கு. அதே வேகத்துக்கு வோல்டேஜைக் குறைக்கலாம். 5 சதவீதம் குறைச்சாலே பவர் சுமார் 10 சதவீதம் குறையும். நம்ம உதாரணத்துல 40 டிகிரி ரூம்ல 90 இருந்தது 85 ஆகும். சூடு குறைஞ்சதும் சிப் தானா உச்ச வேகத்துல அதிக நேரம் நிக்கும். ராமுக்கு எக்ஸ்போ போட்டு 6000ல வைக்கலாம். இதையும் கம்பெனி ஓவர்கிளாக் கணக்குலதான் வைக்குது, அதைத் தெரிஞ்சுட்டுப் பண்ணுங்க. சோதனையை மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்குப் பண்ணுங்க. மார்கழி ராத்திரியில எல்லாப் பொட்டியும் பாஸ் ஆயிடும்.

விலை நான் எழுதலை. 2025 கடைசியில ராம் விலை ஏறின வேகத்தைப் பார்த்தவங்களுக்கு ஏன்னு புரியும். ஆனா வரிசை மாறாது: எர்த், பவர் சப்ளை, யூபிஎஸ், காத்து, போர்டு, பிராசஸர். காசு பத்தலைன்னா கீழேருந்து வெட்டுங்க, மேலேருந்து வெட்டாதீங்க. பிராசஸரை ரெண்டு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம், அதே சாக்கெட்டுல. முதல் மூணும் சரியில்லேன்னா மாத்துறதுக்கு எதுவும் மிச்சம் இருக்காது.

சீட்டு வந்ததும் திருச்சிக்குப் போய் வாங்கலாம்னு இருக்கேன். கணக்குல எங்கயாவது ஓட்டை இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க.