கடைசி வளைவின் அளவு



மலை ஏறுவதற்கென்று ரோடு பைக் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறீர்களா? அப்படியானால் கடையில் நிற்கிற உங்கள் உடலை மட்டும் அளவிடாதீர்கள்; கடைசி வளைவில் களைத்திருக்கப்போகிற உடலையும் அளவிடுங்கள். இதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

நான் குடியிருக்கிற பெரிய காஞ்சிபுரம், கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத சமவெளி. இங்கே எந்தச் சைக்கிளும் நல்ல சைக்கிளாகவே தோன்றும். ஐம்பது வயதைக் கடந்தபின், மகனோடு ஏலகிரி மலை ஏற ஆசைப்பட்டு, பந்தய வீரர்களுக்கான பிரேம் கொண்ட சைக்கிளை வாங்கினேன். அது என் வயதை மறைக்கும் என்று எண்ணினேன். "அப்பா, ஹேண்டில் உங்களுக்கு ரொம்பத் தாழ்வா இருக்கே" என்றான் மகன். நான் செவிகொடுக்கவில்லை.

ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைத் தாங்கியவை. ஏறும்போது வலியை மறைத்துக்கொண்டேன். இறங்கும்போது மறைக்க இயலவில்லை. உள்ளங்கைகளின்மேல் உடலின் பாரம் நெடுநேரம் அழுந்தியதால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒரு வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்திருக்கிறேனா என்பதையே விரல்கள் அறியவில்லை. எதிரே ஒரு பேருந்து. எப்படியோ மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது மகனின் முகம் வெளுத்திருந்தது.

அதன் பின்னரே அளவுகளைப் படித்தேன். மிதிகளைத் தாங்கும் அச்சின் மையத்திலிருந்து, பிரேமின் முன்குழாயுடைய மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது 'ஸ்டாக்'. எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது 'ரீச்'. பந்தயப் பிரேமில் ஸ்டாக் குறைவு, ரீச் அதிகம். நெடுநேரம் ஓட்டுவதற்கான 'எண்டூரன்ஸ்' பிரேமில் ஸ்டாக் பெரும்பாலும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையிலான தொலைவும் சற்று நீளும். ஆகவே முதுகு நிமிர்கிறது, கைகளின் பாரம் குறைகிறது, இறக்கத்தில் சைக்கிள் தடுமாறாமல் திரும்புகிறது.

குனிந்தால் காற்றின் தடை குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். அது வேகமாகச் செல்லும் சமவெளிக்கே பெரிதும் உதவும். மணிக்கு 9, 10 கிலோமீட்டரில் மலை ஏறுகிறவரை இழுத்துப் பிடிப்பது காற்றன்று, புவியீர்ப்பு. எடை குறைந்த பிரேம் உதவாதா? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். அதில் 1 கிலோ குறைந்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ 40 நொடிகளே மிச்சமாகும். அதைவிட, முன்னே 34 பல், பின்னே 34 பல் என்ற கியர் முழங்கால்களைக் காக்கும்; மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். ஏற்றத்தில் முன்சக்கரம் உயர, உடல் பின்னே சரியும். இருக்கைக் குழாய் 73 அல்லது 74 பாகைச் சாய்வில் அமைந்திருந்தால், இடுப்பு மிதிகளை விட்டு அதிகம் விலகாது.

எங்கள் தெருவில் குழித்தறியில் பட்டு நெய்கிற பெரியவர் ஒருவரிடம் இவற்றை விவரித்தேன். தம் கால்களுக்கு ஏற்ற ஆழத்தில் குழி அமைத்து, வாழ்நாளெல்லாம் அதில் அமர்ந்தவர். அவர் சிரித்துக்கொண்டே, "தறியிலே உட்கார்ந்ததும் சுகமா இருக்கான்னு பார்த்தாப் போதாது ஐயா. சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு என்ன சொல்லுதுன்னு கேக்கணும்" என்றார்.

அந்தச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, எண்டூரன்ஸ் பிரேம் ஒன்றை வாங்கி மறுபடியும் ஏலகிரி ஏறினேன். மகன் எனக்கு வெகுநேரம் முன்பே மேலே போய்க் காத்திருந்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. இறங்கும்போது பத்து விரல்களும் என் சொற்படி நடந்தன.

பிரியமானவர்களே, வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்டாக்கையும் ரீச்சையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களை நேசிக்கிற ஒருவர், "இது உங்களுக்குத் தாழ்வாக இருக்கிறதே" என்று சொன்னால், அந்தச் சொல்லையும் ஓர் அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.