சுவிட்சை மறைத்த அலமாரி

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு தோழரின் குவார்ட்டர்ஸில்தான் கூடுகிறது. அவருடைய அப்பா சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையை எங்களுக்கு விட்டுத் தருகிறார்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் தெருக்களிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளையும் சேர்த்தால் பதினெட்டுப் பேர் இருப்போம். புத்தகக் கண்காட்சிகளில் கையில் இருந்த காசுக்கு வாங்கியது, படித்து முடித்த அண்ணன்கள் கொடுத்தது என்று இருநூறு புத்தகங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எல்லாம் அரிசிச் சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் கிடந்தன. அம்பேத்கர் தொகுதிகளில் ஒன்றைக் கரையான் தின்ற பிறகுதான் எங்களுக்குச் சொரணை வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பழைய மர அலமாரி ஒன்றை வாங்கினோம். ஆறடி உயரம், மூன்றடி அகலம்.

அறையில் ஒரு சுவர்தான் காலியாக இருந்தது. அதிலும் வாசலை ஒட்டி, தரையிலிருந்து நாலடி உயரத்தில் சுவிட்ச் போர்டு. லைட், ஃபேன், ஒரு பிளக் பாயின்ட். அலமாரியை எங்கே நகர்த்தினாலும் ஜன்னலோ கட்டிலோ இடித்தது. கடைசியில் அது போர்டை மறைத்துக்கொண்டு நின்றது.

விவாதம் தொடங்கியது. போர்டை இடம் மாற்றலாம் என்றார் ஒருவர். சுவர் நம்முடையது இல்லையே! அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதுவரைக்கும் உடைக்கவும் பூசவும் நமக்கு உரிமை இல்லை. அலமாரியின் முதுகுப் பலகையில் போர்டு அளவுக்கு ஓட்டை போடலாம் என்றார் இன்னொருவர். கை தூக்கச் சொன்னோம். ஓட்டைக்குத்தான் பெரும்பான்மை.

எங்களில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் தோழர் அதற்கு மேல் பேச விடவில்லை. அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும். பிளக் பாயின்டைக் காகிதத்துக்கு நடுவில் வைக்கக் கூடாது. உள்ளே ஒரு ஒயர் தளர்ந்திருந்தால் சூடேறும், பொறி பறக்கும், புத்தகம் பற்றிக்கொள்ளும். போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் டிரில் போடக் கூடாது. சுவருக்குள் பதித்த ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். உயரமான அலமாரியை எல் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்காமல் விடக் கூடாது. பிள்ளைகள் தட்டைப் பிடித்து ஏறினால் மொத்தமும் மேலே சாயும். எந்த வேலைக்கும் முன்னால் மெயினை அணைக்க வேண்டும்.

இவ்வளவும் பேசி முடித்தபோது அம்மா தேநீரோடு வந்தார். சுவரில் நாங்கள் போட்டிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நாலு மணிக்கு எழுந்து வெளக்கு போடணும்னா உங்க அலமாரிக்குள்ள கைய உட்டுத் தேடணுமா?"

அப்பாவுக்கு முதல் ஷிப்ட் இருக்கும் நாட்களில், இருட்டோடு எழுந்து அந்தச் சுவரைத் தடவி விளக்கைப் போடுகிறவர் அவர். சமத்துவம் பற்றி வாராவாரம் பேசும் நாங்கள், மூன்று மணி நேரம் அந்தச் சுவரை அளந்தோம். அந்தச் சுவிட்சில் தினமும் கை வைப்பவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது அவர் அடுக்களையில் இருந்தார்.

அம்மா அதோடு நிறுத்தவில்லை. தான் பிறந்த ஊரின் கதையைச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது காலனிக்கும் நான்கு தெருவிளக்குகள் வந்தன. சுவிட்ச் மட்டும் ஊர்த்தெருவில், ஒருவர் வீட்டுத் திண்ணை ஓரம். அவர் நினைத்தால் போடுவார். காலனியில் ஏதாவது பேச்சு கிளம்பினால் ஒரு வாரத்துக்கு விளக்கு எரியாது. "எங்க தெருவுல கம்பம் இருந்துச்சு, பல்பு இருந்துச்சு. சுவிட்சு எங்க கைக்கு எட்டல" என்றார்.

அன்று படிக்க எடுத்து வைத்திருந்த பகுதியை விட்டுவிட்டு, மின்சாரத்தைப் பற்றியே பேசினோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரமும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. 1943 அக்டோபரில், போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சி பற்றி அவர் ஆற்றிய உரை தொகுதிகளில் இருக்கிறது. மலிவான, ஏராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த நாட்டின் வறுமை தீராது என்பது அவர் வாதம். மின்சாரம் தனியார் கையில் இருப்பதா, அரசிடம் இருப்பதா என்ற கேள்வியையும் அங்கே எழுப்பினார். சுவிட்ச் யார் கையில் என்று அம்மா கேட்பதும் அதே கேள்விதான்.

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. இங்கே நிறுவனம் 1956-இல் தொடங்கியது. சோவியத் உதவியோடு 1962-இல் முதல் அனல்மின் அலகு ஓடியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த முதல் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதற்குள் எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும்! நிலக்கரிக்காக ஊர்கள் இடம் பெயர்ந்தன. பட்டா வைத்திருந்தவருக்கு நிலத்தின் விலையைக் கேட்க ஒரு காகிதம் இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்த கூலிக்காரரிடம் எந்தக் காகிதம் இருந்தது?

அலமாரிக்கு வழி சொன்னதும் அம்மாதான். "ரெண்டா அறுத்துடுங்க." ஆறடி அலமாரியை மூன்றடி, மூன்றடியாக அறுத்தோம். போர்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில், போர்டுக்கு நேர் கீழே, ஒன்றரை அடி இடைவெளி. ஒரு ஆள் நின்று விளக்குப் போடலாம். சாய்ந்து விழும் பயமும் குறைந்தது. நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல், தாங்களே புத்தகம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆறடி அலமாரியாகவே நின்றிருந்தால் பாதிப் புத்தகங்கள் அவர்கள் கைக்கு எட்டியிருக்காது.

அம்பேத்கர் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கினார். நம் பிள்ளைகளில் பலருக்கு வீடே ஓர் அறைதான். புத்தகம் அந்த அறைக்குள் வரும்போது யாருடைய இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அம்மாவின் இடமாகத்தான் இருக்கும்.

உங்கள் தெருவிலும் படிப்பகம் தொடங்குவீர்கள். தொடங்குங்கள். சுவரில் பென்சில் கோடு போடும் முன், அந்தச் சுவரில் யார் கை தினமும் படுகிறது என்று கேளுங்கள். அவரையும் உட்கார வைத்துவிட்டு, பிறகு கை தூக்கச் சொல்லுங்கள். புத்தகங்கள் கூடிக்கொண்டே போகின்றன. இடைவெளியில் இன்னும் இருபது வைக்கலாமே என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டான். வேண்டாம் என்றோம். ஏன் என்று அம்மாவிடமே கேட்கச் சொன்னோம்.

ஜெய்பீம்.